ஒளி என்னும் ஒரு சொல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், விலங்கியல் துறைப் பேராசிரியை ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத்தாள். அதில் 'போட்டோடைனமிக் தெரபி' என்று எழுதியிருந்தது. "மேடம், புற்றுநோய்க்கு ஒளியைக்கொண்டு செய்யும் மருத்துவம் இது. நம் மாணவியர் அறிவியல் மன்றத்தில் இதைப்பற்றித் தமிழில் பேசவிருக்கின்றனர். நல்ல தமிழில் ஒரு பெயர் வைத்துத் தாருங்கள்" என்றார்.

கலைச்சொல் ஆக்கித் தருவது தமிழாசிரியர்க்கு வாடிக்கையான வேலைதான். கல்யாண அழைப்பிதழைத் திருத்துவது, கடைக்குப் பெயர் சொல்வது, கல்வெட்டுக்கு வாசகம் எழுதுவது ஆகியவற்றோடு சேர்ந்த ஊதியமில்லாப் பணி. 'ஒளி மருத்துவம்' என்று முதலில் எழுதினேன். மஞ்சட் காமாலை கண்ட பச்சிளங் குழந்தையை நீல விளக்கின்கீழ்க் கிடத்துகின்றார்களே, அதுவும் ஒளி மருத்துவந்தானே என்று அடித்தேன். அங்கே ஒளி மட்டுமே மருந்து. இங்கோ ஒரு மருந்து உடலுக்குள் சென்று வாளாவிருக்கும். ஒளி பட்டால்தான் அது இயங்கும். ஆகவே 'ஒளியியக்கச் சிகிச்சை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி கூறிச் சென்றார்.

சொல் போய்விட்டது, ஆனால் அதன் முற்பாதி என்னைவிட்டுப் போகவில்லை. ஒளி என்பது பெயராக நின்றால் வெளிச்சம். வினைப்பகுதியாக நின்றால் மறைத்துக்கொள் என்று பொருள். இருபது ஆண்டுகளாக இதனை வகுப்பில் சொல்லி வருகின்றேன். மாணவியர் சிரிப்பர், நானும் சிரித்துக்கொண்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவேன். அன்று மாலை பட்டுக்கோட்டைப் பேருந்தில் வீடு திரும்பும்போது, இந்த இரண்டு பொருளும் ஒரே வாய்க்குள் இருந்ததை நான் பன்னிரண்டு வயதில் கண்ணாரக் கண்டவள் என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் நன்னியிடம் ஒரு பித்தளைச் செல்லம் இருந்தது. வெற்றிலைக்கு ஒரு தட்டு, பாக்குக்கு ஒரு குழி, சுண்ணாம்புக்கு மூடிபோட்ட சின்னக் கிண்ணம், புகையிலைக்கு ஓர் அறை. காவிரிப் பாசனத்து ஊர்களில் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. புகையிலை வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும். மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நன்னி முற்றத்தில் காலை நீட்டி அமர்ந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயிலிட்டு, ஒரு துண்டு புகையிலையை வலக்கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். ஒதுக்கிய புகையிலை இஷாத் தொழுகைக்கு ஒளூச் செய்யும் வரையில் அங்கேயே இருக்கும். நாற்பது ஆண்டுக்காலம் ஒரே கன்னம், ஒரே இடம்.

1993 ஆம் ஆண்டு நோன்பு மாசியில் வந்தது. அந்த ரமலானில் நன்னி கஞ்சியைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளவில்லை. நோன்பு திறக்கும்போது வடையைத் தொடவில்லை. சஹருக்கும் சோற்றைக் குழையப் பிசைந்து தயிரில் கரைத்தே விழுங்கினார். "ஆணத்துல காரம் கூடிப்போச்சு" என்று நாள்தோறும் அம்மாவைக் குறை சொன்னார். பேணுதலான கிழவி, நாவை அடக்குகின்றார் என்று அண்டை வீட்டார் புகழ்ந்தனர். அவருடைய முக்காடு வலக்கன்னத்தை மறைத்து வழக்கத்தினும் இறங்கியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

எனக்கு மட்டும் தெரியும். வாரத்திற்கு ஒருமுறை நன்னி என் கையில் பணத்தைத் திணித்துக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். "வாய்ப்புண் மாத்திரை என்று கேள். யாருக்கென்று கேட்டால் எனக்கென்று சொல்லாதே. உன் அம்மாவிடமும் மூச்சுவிடாதே" என்பார். மிச்சச் சில்லறை எனக்கு. மருந்துக் கடையிலிருந்தவர் மஞ்சள் நிறச் சத்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். நான் அவற்றைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்து நன்னியின் செல்லத்திற்குள் போடுவேன். அந்தச் சில்லறையில் வாங்கித் தின்ற மிட்டாயின் சுவை இன்றும் என் நாவில் இருக்கின்றது. அதை நினைத்து நான் மகிழ்ந்ததில்லை.

பெருநாள் கழிந்த மறுவாரம், துர்நாற்றம் தாங்காமல் அம்மா கண்டுபிடித்து நன்னியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். மாலை நேரம், உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. மருத்துவர் ஒரு கைவிளக்கை என்னிடம் தந்து, "பாப்பா, அசையாமல் பிடி" என்று சொல்லிவிட்டு, நன்னியின் கன்னத்தை ஒரு தட்டையான குச்சியால் விலக்கினார். புகையிலை ஒதுக்கும் அதே இடத்தில், பூக்கோசு மலர்ந்தாற்போல் ஒன்று வெண்மையும் சிவப்புமாய் விரிந்திருந்தது. "எத்தனை நாளாக, அம்மா?" என்று அவர் கேட்டார். நன்னி நெடுநேரம் விடை கூறவில்லை. பிறகு, "போன ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து" என்றார். பத்து மாதம்! மருத்துவர் என் கையிலிருந்த விளக்கை வாங்கி அணைத்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். அங்கும் ஒரு நெறிகட்டி இருந்தது.

கம்பன் விரைவு வண்டியில் சென்னைக்குப் போனோம். அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தில் காட்டினோம். அந்நிலையம் தோன்றிய கதையை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். அதனை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்தவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை இப்பணியில் இறக்கியது. ஒருத்தி ஒளித்து வைத்த நோயால் எங்கள் வீட்டில் அழுகைதான் மிஞ்சியது. வேறொரு வீட்டில் அதே அழுகையிலிருந்து 1954 இல் ஒரு மருத்துவமனை எழுந்தது.

நன்னிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தந்தார்கள். அது நோயைச் சற்றுத் தணித்தது. உமிழ்நீரையும் வற்றச் செய்தது. அடுத்த நோன்பு வருமுன் நன்னி வஃபாத்தானார்.

இத்தனையையும் ஏன் எழுதுகின்றேன் என்றால், கலைச்சொல் கொடுத்த மறுவாரமே அந்தப் பேராசிரியையிடம் கட்டுரைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். ஒரே கேள்விதான் என் நெஞ்சில் இருந்தது: இந்த ஒளி அன்று இருந்திருந்தால் நன்னி பிழைத்திருப்பாரா?

படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. ஒளிபட்டு இயங்கும் மருந்து ஐரோப்பியர் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. நம் கடைத்தெருவின் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கார்போகரிசி என்று கேட்டால் கறுத்த சிறு விதைகளை நிறுத்துத் தருவார்கள். குளியற்பொடியில் அரைத்துச் சேர்ப்பார்கள். தோலில் வெண்திட்டு விழுந்தவர்கள் இதனை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பழையது. விதை மட்டும் போதாது, வெயிலும் வேண்டும் என்பதை எவரோ ஒருவர் எந்நாளிலோ கண்டிருக்கின்றார். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து 1248 இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் என்னும் முஸ்லிம் மூலிகை அறிஞரும் இதனையொத்த ஒன்றைப் பதிவு செய்துள்ளார். வட ஆப்பிரிக்கப் பழங்குடியினர் ஆத்ரீலால் என்னும் செடியின் விதையை உண்டு வெண்திட்டுகளை வெயிலில் காட்டிக் குணம் பெற்றனர் என்பது அவர் தரும் செய்தி. இவ்விரு செடிகளுக்கும் உறவில்லை. ஆயினும் இரண்டிலும் இருப்பது சோராலென் என்னும் ஒரே இனத்துப் பொருள். 1940களில் கெய்ரோவில் வேதியியலார் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். எல் முஃப்தி என்னும் எகிப்திய மருத்துவர் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்.

அதே பொருள்தான் 1987 இல் ஒரு புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று. அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எடெல்சன் குழுவினர், தோலைத் தாக்கும் ஒருவகை இரத்த அணுப் புற்றுநோய் கொண்டோர்க்குச் சோராலெனை விழுங்கக் கொடுத்து, அவர்தம் இரத்தத்தின் ஒரு பகுதியை வெளியே எடுத்து, புறஊதாக் கதிரில் காட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினர். மறு ஆண்டே அந்நாட்டு அரசு அம்முறைக்கு ஒப்புதல் தந்தது. கார்போகரிசியை வெறும் அரிப்புக்கு மருந்தென்று எண்ணியிருந்த எனக்கு, நம் மளிகைப் பொட்டலத்திலிருந்து இவ்வளவு தொலைவு ஒரு வழி செல்கின்றதா என்றிருந்தது. ஒன்று சொல்லிவிடுகின்றேன்: கட்டிக்கு எவரும் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொள்ள வேண்டா. விதை வேறு, மருந்து வேறு, அளவு வேறு.

நான் பெயர் வைத்த சிகிச்சைக்கு வருவோம். மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர், சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் ஓரணு உயிர்கள் எவ்வளவு நேரத்தில் மடிகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். அளவுகள் நாளுக்கு நாள் மாறின. சாயம் ஒன்றே, அளவும் ஒன்றே, அறையில் விழும் வெளிச்சந்தான் வேறு. இடிமழை நாளின் மங்கலில் அவை நெடுநேரம் உயிரோடிருந்தன என்பர். 1900 ஆம் ஆண்டு அச்செய்தி வெளியாயிற்று. 1903 இல் அவருடைய ஆசிரியர் தாப்பைனர், யெசியோனெக் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, இயோசின் சாயத்தைத் தோற்கட்டிகளில் தடவி ஒளியில் காட்டினார். 1912 இல் மேயர் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் செய்ததுதான் நெஞ்சை நடுக்குவது. இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து எடுத்த ஹெமட்டோபோர்பைரினில் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் சென்றார். முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. மருந்தின் ஆற்றலையும் அதன் ஆபத்தையும் ஒருவரே ஒரே உடலில் காட்டிவிட்டார்.

பின்னர் நெடுங்காலம் இது நூலகத் தூசியில் கிடந்தது. பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் தாமஸ் டவ்ஹர்ட்டி அதனை எடுத்து வளர்த்தார். 1978 இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன என்று காண்கின்றோம். 1993 ஆம் ஆண்டு கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இவ்வகை மருந்து முதன்முதல் ஒப்புதல் பெற்றது. 1995 இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு. 1993! நான் மருத்துவரின் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஆண்டு. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அம்மருந்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஏற்றிக்கொண்டவர் ஒரு மாதத்திற்கு மேல் வெயிலில் தலைகாட்டலாகாது. குளிர்நாட்டில் அது ஒரு தொல்லை. நம் வட்டாரத்தில் அது நடவாத காரியம். நடவு ஆளையும் களத்துமேட்டில் நெல் தூற்றுபவளையும் ஒரு மாதம் இருட்டறையில் இரு என்றால், பிழைப்புக்கு யார் பொறுப்பு?

இக்குறையைப் பெரிதும் தீர்த்தது அமினோ லெவுலினிக் அமிலம் என்னும் மற்றொரு மருந்து. இது செயற்படும் விதம் அழகானது. இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்னும் பொருளை நம் உயிரணுக்கள் தாமே படிப்படியாகச் சமைத்துக்கொள்கின்றன. கடைசிப் படிக்கு முந்திய படியில் புரோட்டோபோர்பைரின் என்பது உண்டாகும். அதில் இரும்பு சேர்ந்தால் ஹீம். மேற்சொன்ன அமிலத்தைக் குடித்தால் இச்சமையல் விரைவுபடுகின்றது. நல்ல உயிரணு, வந்த சரக்கை உடனுக்குடன் ஹீமாக்கிவிடும். புற்றணு அப்படிச் செய்வதில்லை. அங்கே புரோட்டோபோர்பைரின் தேங்குகின்றது. வடிகால் அடைத்த வயலில் நீர் தேங்குவது போல. சில மணி நேரம் கழித்து ஊதா ஒளியைப் பாய்ச்சினால், தேங்கிய இடம் மட்டும் செந்நிறமாய் ஒளிரும். நோய் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கின்றது. பிறகு 635 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியைப் பாய்ச்சினால், அப்பொருள் ஒளியின் ஆற்றலை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். அந்த ஆக்சிஜன் சீற்றங்கொண்டு அக்கம்பக்கத்தைச் சிதைக்கும். அதன் ஆயுள் நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லை. ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூட அது கடப்பதில்லை. மருந்தும் ஒளியும் ஆக்சிஜனும் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் அழிவு. ஒன்று குறைந்தாலும் ஒன்றும் நிகழாது. வெயிலைத் தவிர்க்க வேண்டிய காலமும் ஓரிரு நாளே.

இதனை நம் நாட்டில் வாய்ப்புற்றுக்குச் செய்து பார்த்த இடம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி. நம் சமுதாயத்துப் பெரியோர்கள் சர் சையத் அகமது கான் பெயரைச் சொல்லும்போது அலிகரை நினைப்பர். இனி இதற்காகவும் நினைக்கலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பேராசிரியை தய்யபா ஹசன், பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் செல்லி ஆகியோர் அலிகர் மருத்துவர்களோடு சேர்ந்து உழைத்தனர். கண்ணின் விழித்திரை நோய் ஒன்றுக்கு ஒளியியக்கச் சிகிச்சையைக் கொண்டுவந்தோரில் ஒருவர் அந்த அம்மையார். அவர்கள் செய்தது இதுதான்: விலையுயர்ந்த லேசர் பொறியை ஒதுக்கிவிட்டு, மின்கலத்தால் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கை அமைத்தார்கள். அதன் ஒளியை ஓர் இழைவழியே வாய்க்குள் கொண்டுசென்றார்கள். செந்நிறமாய் ஒளிரும் இடத்தைக் காண, விலைமிக்க கருவிக்கு மாற்றாகக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியைப் பொருத்தினார்கள். மின்சாரம் நின்றாலும் சிகிச்சை நிற்காது என்பதற்காகவே மின்கலம். மின்தடையில் கைவிளக்குப் பிடித்தவளுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும். ஏறத்தாழ முப்பது நோயாளிகள். கன்னத்தின் உட்புறத்தில் தொடக்க நிலைப் புற்று. பெரும்பாலோர்க்குக் கட்டி மறைந்தது. கத்தி வைத்தால் நேரும் வடுவும் வாய்ச்சுருக்கமும் இல்லை. 2022 இல் இதன் முடிவு வெளியாயிற்று.

இது ஆய்வு நிலையில் நிகழ்ந்த சிகிச்சை. நம் ஊர் மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு கேட்டுப் பெறத்தக்கதன்று. அறுவையும் கதிர்வீச்சுமே முதல் வழியென மருத்துவர் கூறினால் அதனையே கேட்க வேண்டும். நான் கேட்டது வேறு கேள்வி. அதற்கு இந்த ஆய்விலேயே விடை இருந்தது. அவர்கள் சேர்த்துக்கொண்ட நோயாளிகள் அனைவர்க்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டது. கழுத்தில் நெறி கட்டாதது. ஏனெனில் செவ்வொளி சதைக்குள் சில மில்லிமீட்டர் தொலைவே பயனுடன் செல்லும். அதற்கப்பால் இருட்டு. ஜப்பான் 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த புதிய முறை ஒன்று உண்டு. கோபயாஷி என்பவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கண்டது. சாயத்தைப் புற்றணுவையே தேடிச் சென்று ஒட்டும் எதிர்ப்பொருளின் முதுகில் ஏற்றி அனுப்பி, மறுநாள் ஒளி பாய்ச்சுவது. தலை, கழுத்துப் பகுதியில் அறுக்க முடியாத கட்டிக்கும் ஒளியிழையை ஊசிவழியே உள்ளே நுழைத்துச் செய்கின்றார்கள். அதனைக் கேட்கும்போது ஒரு கணம் ஆசை எழத்தான் செய்கின்றது. ஆனால் பத்து மாதம் ஒளித்து வைத்துக் கழுத்து வரை பரவிய நன்னியின் நோய்க்கு, 1993 இல் உலகிலிருந்த எந்த ஒளியும் விடையாயிராது. முதல் மாதத்தில் காட்டியிருந்தால் ஒளியியக்கச் சிகிச்சை இல்லாமலே ஓர் எளிய அறுவையோடு முடிந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. மருந்து இல்லாத காலத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு அமைதி அடையலாம் என்றுதான் நான் படிக்கத் தொடங்கினேன் போலும்.

அப்போதுதான் மற்றோர் ஆய்வு கண்ணிற்பட்டது. அதில் புதிய மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996 இல் தொடங்கி, 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,91,000 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தனர். ஐயமானவரை மருத்துவரிடம் அனுப்பினர். அவ்வளவே. 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றால் நிகழும் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இந்தியாவில் 2020 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,35,000 பேர்க்கு உதடு, வாய்ப் புற்று புதிதாகக் காணப்பட்டதென உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகின்றது. நுரையீரலைப் போலவோ கணையத்தைப் போலவோ வாய் மறைவான உறுப்பன்று. கண்ணாடியும் பகலும் இருந்தாற் போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன், அது உண்மையன்று. நன்னி கண்ணாடி பார்க்காமல் இல்லை. அவர் அஞ்சியது நோய்க்கு மட்டுமன்று. அயல் ஆண் முன் முக்காட்டை விலக்கி வாயைப் பிளக்க வேண்டும். மகளுக்குச் செலவு வைக்க வேண்டும். பேத்திகளுக்குப் பெண் கேட்டு வருகின்றவர் 'அந்த வீட்டில் புற்று' என்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கின்றான் என்று எங்கள் நன்னாவே எத்தனையோ முறை சொன்னதுண்டு. அந்த வாக்கு அடுத்தவர் நோய்க்கு மட்டுமே எடுத்துச் சொல்லப்பட்டது.

நன்னிக்குப் பின் பித்தளைச் செல்லம் அம்மாவிடம் வந்தது. அம்மா புகையிலையை அடியோடு நீக்கிவிட்டார்; வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும். "புகையிலைதானே கெடுதி" என்பார். நானும் அப்படியே நம்பியிருந்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கே புற்றை உண்டாக்கும் பொருள் என்றும் புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கும் அவ்வாறே என்றும் 2004 இல் வெளியிட்டுவிட்டதைச் சென்ற ஆண்டுதான் படித்தேன். கற்றவள், கல்லூரியில் கற்பிப்பவள், வீட்டுத் திண்ணையில் இருபதாண்டு நடந்துவந்ததைக் கேளாமல் இருந்திருக்கின்றேன்.

இவ்வாண்டு நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அம்மா குத்பா முடியும் நேரம்வரை தஸ்பீஹ் ஓதி எழுந்து வந்தார். "அம்மா, வாயைக் கொஞ்சம் திறங்கள்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"பார்க்கத்தான்."

"நீ என்ன டாக்டரா? தமிழ் வாத்தியாருக்கு என் வாயில என்ன வேலை?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தக் கையசைவு எனக்குப் பழகியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயிடம் கண்டது.

நன்னிக்கு மாத்திரை வாங்கித் தந்தது நான்தான் என்று அன்றுதான் முதன்முறையாக அம்மாவிடம் சொன்னேன். எத்தனை முறை, எந்தக் கடையில், மிச்சக் காசில் என்ன வாங்கினேன் என்பது வரை. அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சற்று நேரம் கழித்து, "எனக்கும் தெரியும்மா. செல்லத்துல பார்த்திருக்கேன். வாய்ப்புண்ணுதான்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு முற்றத்துத் தூணில் சாய்ந்து அமர்ந்து வாயைத் திறந்தார். கைப்பேசியின் விளக்கை ஏற்றிப் பிடித்தேன். வலக்கன்னத்தின் உட்புறத்தில், ஒரு நெல் நீளத்திற்கு வெள்ளையாய் ஒரு படலம். விரலால் துடைத்தேன், போகவில்லை.

தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றேன். சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாறவில்லை, பாக்கை விட்டுவிட வேண்டும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றனர். பாக்கை விடுவதாக அம்மா ஒப்புக்கொண்டு, பத்து நாள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். முதல் தவணைக்குத் தாமே முன்கூட்டிக் கிளம்பிப் பேருந்து நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார். இரண்டாம் தவணைக்கு, "நல்லாத்தானே இருக்கு, இன்னொரு மாசம் போகட்டுமே" என்றார், வாதாடித்தான் அழைத்துப்போனேன்.

மாணவியரின் அறிவியல் மன்றக் கூட்டம் நடந்தபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். 'ஒளியியக்கச் சிகிச்சை' என்று பெரிய எழுத்தில் எழுதி, வாயின் படத்தை வரைந்து மாட்டியிருந்தார்கள். பேசிய பெண் நன்றாகவே பேசினாள். முடிவில், கூட்டத்திற்கு வந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "இந்த வெளிச்சம் உடம்புக்குள்ளே எவ்வளவு தூரம் போகும், அம்மா?" என்று கேட்டார். "சில மில்லிமீட்டர்தான் ஐயா" என்றாள் அவள். அவர் தலையை அசைத்து அமர்ந்தார். வெற்றிலைக் காவி படிந்த உதடுகளைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

செல்லம் இப்போதும் அம்மாவின் கட்டிலடியில்தான் இருக்கின்றது. வெற்றிலைத் தட்டில் இரத்த அழுத்த மாத்திரைகளும், புகையிலை இருந்த அறையில் மூக்குக்கண்ணாடியும் இருக்கின்றன. சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் தஞ்சாவூர் மருத்துவமனைச் சீட்டு நான்காய் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அடுத்த தவணையின் தேதியை அம்மா தம் கையாலேயே அதன்மேல் பெரிதாக எழுதி வைத்திருக்கின்றார்.